அன்பளிப்பு: கவியரசன்

‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். கொட்டைப்பாக்கைக் கடித்தால் வருமே, அந்த அளவுதான். ஆனால் உமேஷ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டான்.

அவன் கையில் இருந்தது மாமனாரின் மடக்குக் கத்தி. அதன் கைப்பிடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. திருகு லூசாக இருக்கிறது, கொஞ்சம் முடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் கத்தியைக் கொடுத்திருந்தார்கள். அவனும் கொஞ்சம் முடுக்கினான். பிறகு இன்னும் கொஞ்சம் முடுக்கினான். அதோடு நிறுத்தியிருந்தால் அவன் உமேஷே இல்லை.

“இன்னாங்க சத்தம்?” என்று உள்ளேயிருந்து வீணா கேட்டாள்.

“ஒண்ணுல்ல. டைட் ஆய்டுச்சு.”

“எவ்ளோ டைட்?”

எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் கேட்கிற கேள்வி அது.

உமேஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தொம்மலூரில் ஓர் ஆபீசில் அவனுக்கு அட்மின் வேலை. ஏசி ஓடவில்லை, நாற்காலி ஆடுகிறது என்று வருகிற புகார்களைக் கேட்டு, அதற்கென்று இருக்கிற ஆளைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். அவனாக எதையும் தொடக் கூடாது என்பது அந்த ஆபீசின் சட்டம். ஒரே ஒரு தடவை தொட்டான். அதற்கு மறுநாள்தான் அந்தச் சட்டம் வந்தது.

பகல் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவனுக்கு, சாயந்திரம் ஆஸ்டின் டவுனில் வீட்டுப் படியேறும்போதே விரல்கள் அரிக்க ஆரம்பிக்கும். வீடு மாமனாருடையது. மாடியில் உமேஷும் வீணாவும், கீழே மாமனார் அசோகனும் மாமியார் முத்தம்மாவும். சாப்பாடு கீழே. ஆகவே ரிப்பேரும் பெரும்பாலும் கீழேதான் நடக்கும். உமேஷ் மிக்சியைச் சரிசெய்த நாளில் தேங்காய்ச் சட்னி கூரைக்குப் போனது. அவன் சரிசெய்த பிறகு காலிங் பெல்லை அழுத்தினால் பாத்ரூம் லைட் எரிந்தது, உள்ளே இருப்பவர் “யாரு?” என்று கேட்பது வீட்டு வழக்கமாகிவிட்டது.

இதற்கெல்லாம் அந்த வீட்டில் யாரும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. முத்தம்மாவைப் பொறுத்தவரை மாப்பிள்ளை என்பவர் குறை சொல்லவே கூடாத ஆள். சட்னி கூரையில் ஒட்டிய அன்றைக்குக்கூட, தலையில் விழுந்த துளியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, “பரவால்ல மாப்ள. எப்டியும் தீபாவளிக்கு வெள்ளையடிக்கணும்” என்றுதான் சொன்னாள். வீணா வாயைத் திறக்கப் போனதற்கு அவள் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

மாமனார் அசோகன் திட்டவும் மாட்டார், பேசவும் மாட்டார். கல்யாணத்தன்று மண்டபத்தில் சீரியல் லைட் சரியாக எரியவில்லை என்று மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளையே ஸ்டூல் போட்டு ஏறினான். தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபமே இருண்டு போயிற்று. செல்போன் வெளிச்சத்தில் நடந்த கல்யாணம் அது. அன்றைக்கு வாயை மூடியவர்தான், அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, “வீணா, அவருக்கு மோர் வேணுமா கேளு” என்பார். வீட்டில் யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஹெர்பர்ட்டைக் கூப்பிடுவார். ரிட்டயர் ஆன பிறகு காம்பவுண்டு சுவரே கதி என்று நிற்கிற மனிதர் அவர்.

“ஹெர்பர்ட்டு, மாப்ளைய மோட்டார் ஆஃப் பண்ணச் சொல்லு.”

“தம்பி, மோட்டார் ஆஃப் பண்ணணுமாம்.”

மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மாமனார், ஆனேக்கல்லில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், தோளில் பையோடு மாடியேறி வந்தார். மடக்குக் கத்தியை நீட்டினார்.

“மாப்ள” என்றார்.

உமேஷ் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். சுவர்தான் இருந்தது.

“ஸ்க்ரூ லூசா இருக்கு. நீங்களே பாத்து சரி பண்ணிடுங்க. ஆயுத பூஜைக்கு வேணும்.”

“நானா மாமா?”

“உங்கள உட்டா இதுக்கு வேற யாரு இருக்காங்க?”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எட்டு வருஷமாக மோர் வேண்டுமா என்பதைக்கூட மூன்றாவது ஆள் மூலமாகக் கேட்டு வாழ்ந்தவனுக்கு மாமனார் வாயிலிருந்து ஒரு ‘மாப்ள’. இந்தக் கத்தியை மட்டும் நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுபடியும் பேசுவார். ஒருவேளை சேர்ந்து உட்கார்ந்து காபி குடிப்பார்கள். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கத்தியில்தான் இப்போது விரிசல்.

அதிலும் எந்த இடத்தில்! முத்தம்மாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் கவியரசன். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கிக் கொடுத்தால் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம்தானே. கவியரசன் அதைப் பாத்திரத்தோடு நிறுத்தவில்லை. தங்கை வீட்டுக்கு அவர் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் ‘அன்பளிப்பு: கவியரசன்’. டீப்பாயின் நடுவில் ‘அன்பளிப்பு: கவியரசன்’. பிள்ளையார் படத்துக் கண்ணாடியில், பிள்ளையாருக்கும் மேலே, ‘அன்பளிப்பு: கவியரசன்’. ஹாலில் ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் இருந்தது. மணிக்கொரு தரம் கதவைத் திறந்துகொண்டு ஒரு மரக்குயில் வெளியே வந்து தெருமுனை வரைக்கும் கூவும். அதன் கண்ணாடியிலும் தங்க எழுத்தில் அவர் பெயர். மத்தியானத் தூக்கத்தில் குயில் கூவும்போதெல்லாம் மாமனார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பார். மச்சான்மேல் அவ்வளவு பாசம் என்று உமேஷ் நினைத்துக்கொள்வான்.

மடக்குக் கத்தி ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கியது. மான்கொம்பு மாதிரி வரிவரியான பழுப்புத் தகடுகள் பிடியின் இரண்டு பக்கமும் வைத்துத் திருகியிருக்கும். அதில் ஒரு தகட்டை முழுக்க அடைத்துக்கொண்டு அந்தப் பெயர். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கவியரசன் வருவார். தன் அன்பளிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்வையிடுவார். கடைசியில் பூஜையில் வைத்த கத்தியைக் கையிலெடுத்து, பெயர் தெரியும்படி போட்டோ பிடித்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவார். அதோடுதான் அவருக்குப் பூஜை முடியும்.

விரிசல் ‘கவி’க்கும் ‘யரசனு’க்கும் நடுவில் போயிருந்தது.

“ஒட்டிடலாம்” என்றான் உமேஷ்.

“வேணாம்” என்றாள் வீணா.

ஒட்டினான். உடனடியாகப் பிடிக்கும் பசை என்று டியூபில் எழுதியிருந்தது, பொய்யில்லை. விரிசலில் விட்டது போதாதென்று மேலும் ஒரு சொட்டு விட்டான். அது விரிசல் வழியாக உள்ளே இறங்கி, மடங்கியிருந்த கத்தியலகைப் பிடித்துக்கொண்டது. இப்போது கத்தி திறக்கவில்லை. அவனுடைய கட்டைவிரலும் கத்தியை விட்டு வரவில்லை.

“வெந்நீர்ல வச்சா பசை உட்டுடும்” என்று போனில் ஒரு வீடியோக்காரர் சொன்னார். முத்தம்மாவின் பால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, விரல் சூடு தாங்கும் வரை விரலோடும், விரல் விடுபட்ட பிறகு கத்தியைத் தனியாகவும் முக்கினார்கள். பசை விட்டது. கூடவே மான்கொம்பு என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்த தகடு அப்பளம்போல நெளிந்து சுருண்டது. பிளாஸ்டிக்!

முத்தம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். அண்ணனின் பெயர் சுருண்டு கிடந்தது. அவள் கண் கலங்கியது. வாய் மட்டும், “பரவால்ல மாப்ள” என்றது.

“ஏங்க, கடைல குடுத்துடலாம்” என்றாள் வீணா. “சிவாஜிநகர்ல சாணை பிடிக்கிற கடை இருக்கு. ஸ்க்ரூவ கழட்டி வேற தகடு போட்டு நீட்டா குடுப்பாங்க.”

அதுதான் புத்திசாலித்தனம் என்று உமேஷுக்கே பட்டது. ஆனாலும் மாமனாரிடம் சொல்லாமல் எப்படி? முத்தம்மா ஆனேக்கல்லுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைப் பக்குவமாகச் சொன்னாள். உமேஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பக்கம் மாமனார் இருமுவது மாதிரி கேட்டது.

“பேரு சுத்தமா பூடுச்சா?” என்றார்.

“ஆமாங்க. சுருண்டு பூடுச்சு.”

“சரி உடு. மாப்ளைய ஒண்ணும் சொல்லாத.”

“நான் எங்க சொன்னேன்? கடைல குடுத்து வேற தகடு போட்டு…”

“கடைலயா?” மாமனார் குரல் உயர்ந்தது. “அதெல்லாம் பேடா, வேணாம்! வெளியாளு கை அதுல படவே கூடாது. மாப்ளையே புதுத் தகடு போடட்டும். இன்னா வேணும்னாலும் பண்ணட்டும், யாரும் குறுக்க போவாத.”

உமேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். தன் அப்பாகூட அவன்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை.

அன்றிலிருந்து அவன் வேறு மனிதனாகிவிட்டான். மடக்குக் கத்திக்குப் பிடி மாற்றுவது உலகம் முழுக்க நடக்கிற ஒரு பெரிய பொழுதுபோக்கு என்பதை வீடியோக்களில் கண்டுகொண்டான். தாடிவைத்த வெள்ளைக்காரர்கள் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதனத்தோடு கத்தியைப் பிரித்து, மரத்திலும் கொம்பிலும் தகடு போட்டு, எண்ணெய் தடவி மூடினார்கள். அதைப் பார்த்து ஆன்லைனில் கருங்காலி நிறத்தில் ஒரு ஜோடித் தகடு ஆர்டர் செய்தான்.

வந்தது கிளிப்பச்சை. உள்ளே ஜிகினாப் பொடி வேறு மினுமினுத்தது.

“வளையல் மாதிரி இருக்கு” என்றாள் வீணா.

“திருப்பி அனுப்புனா டைம் ஆவும். பூஜை வந்துடும்.”

“அதும் இல்லாம, இது கத்திய விட நீளம்ங்க.”

நீளம்தான். இருபுறமும் விரல் நுனியளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திருகு ஓட்டைகளும் பொருந்தவில்லை. வேறேதோ கத்திக்கான தகடு அது. கத்தியின் அளவைப் பார்க்காமல் போட்டோவின் அழகைப் பார்த்து ஆர்டர் செய்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் அரத்தை வைத்து ராவினால் எதுதான் சிறிதாகாது? ராவினான். பச்சைப் பொடி வீடெல்லாம் பறந்தது. மறுநாள் ஆபீசில், “ஹோலி இப்ப வராதே உமேஷ்?” என்று பக்கத்து சீட்காரன் கேட்டான்.

ராவி முடித்தபோது ஒரு தகடு சரியாக இருந்தது. இன்னொன்று கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட முதல் தகட்டைத் தேய்த்தான். அப்புறம் இரண்டாவது பெரிதாகத் தெரிந்தது. இப்படியே போயிருந்தால் கடைசியில் கத்தி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். வீணா அரத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்தது ஓட்டை. அதற்கென்றே ஒரு டிரில்லிங் மிஷின் வாங்கி வந்தான். தகட்டைக் கீழே ஹாலில் இருந்த டீப்பாயின்மேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுத்தினான். தகட்டில் ஓட்டை விழுந்தது. டீப்பாயிலும் விழுந்தது. ‘அன்பளிப்பு’க்கும் ‘கவியரசனு’க்கும் இடையே இருந்த இரண்டு புள்ளிகள் இருந்த இடத்தில் இப்போது தரை தெரிந்தது.

முத்தம்மா ஆனேக்கல்லுக்கு மறுபடி போன் போட்டாள்.

“டீப்பாயுமா?” என்றார் மாமனார். பிறகு அதே இருமல். “மாப்ள கைய கிய்ய வெட்டிக்கல இல்ல?”

“இல்லங்க.”

“அது போதும். டீப்பாய் போனா போவுது. மாப்ள நல்லா இருக்கட்டும்.”

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி அன்பு காட்ட முடியும்? உமேஷ் அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டான்.

பச்சைத் தகடு பழையதை விடத் தடிமன் என்பதால் பழைய திருகு எட்டவில்லை. நீளமான திருகு போட்டான். அது உள்ளே வந்து அலகைத் தடுத்தது; கத்தி மூடவில்லை. நடுவில் இரண்டு வாஷர் போட்டான். மூடியது, ஆனால் மூடிய இடத்தில் நிற்கவில்லை. கையை லேசாக ஆட்டினால் போதும், அலகு தானாகச் ‘சடக்’கென்று வெளியே வந்து எட்டிப் பார்த்தது. அலகுக்கும் குயிலுக்கும் வித்தியாசம், குயில் மணி பார்த்து வரும்.

காய்கறிக்காரரிடம் ஒரு ரப்பர் பேண்டு வாங்கிச் சுற்றினான். நின்றது.

“இது கத்தியா, கொத்தமல்லிக் கட்டா?” என்றாள் வீணா.

பெயர் மட்டும்தான் பாக்கி. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர் பச்சைத் தகட்டைப் பார்த்ததும், “இதெல்லாம் நம்ம கையில ஆவாது சார், உடஞ்சிடும்” என்று ஒதுங்கிக்கொண்டார். உமேஷே டிரில்லிங் மிஷினால் வெட்டினான். ஆரம்ப ஆர்வத்தில் ‘அன்பளிப்பு’ பெரிதாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு ‘கவிய’ வரைக்கும்தான் இடம் இருந்தது. மிச்சத்தைப் பின்பக்கத் தகட்டில் வெட்டலாம் என்று திருப்பும்போது மின்சாரம் போயிற்று. அதற்கு மட்டும் அவன் காரணமில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயந்திரம் மாமனார் வந்து இறங்கினார். ஆஸ்டின் டவுனே வாழைக்கன்றும் பூசணிக்காயுமாக நிரம்பியிருந்தது. உமேஷ் கத்தியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் வாசகங்களை மனப்பாடம் செய்தபடி கீழே வந்தான்.

“மாமா, கத்தி…”

மாமனார் கையை உயர்த்தித் தடுத்தார். “நாளைக்கு பூஜைல பாத்துக்கலாம் மாப்ள.”

இரண்டாவது ‘மாப்ள’! அதுவும் புன்னகையோடு. உமேஷ் துணிச்சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். இந்தச் சிரிப்பு நாளைக்கு என்ன கதி ஆகும்?

வழி சொன்னவள் வீணாதான். “சந்தனத்த அப்பிடுங்க. ஆயுத பூஜைல எது எதுன்னு யாருக்குத் தெரியுது? போன வருசம் நம்ம ஸ்கூட்டரே தெரியல.”

மறுநாள் காலையில் உமேஷ் கத்திக்குச் சந்தனம் பூசினான் என்று சொல்வதை விட, சந்தனத்துக்குள் கத்தியைப் புதைத்தான் என்பதே சரி. மேலே குங்குமம், அதற்கு மேலே சாமந்திப்பூ. சுத்தியல், ஸ்பானர், அரிவாள்மனை, அவனுடைய லேப்டாப், வாசலில் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. தட்டில் பொரி, கடலை, வாழைப்பழம். நடுவில் சந்தன உருண்டையாகக் கத்தி. ஹெர்பர்ட்டும் வழக்கம்போலப் பொரி சாப்பிட வந்து உட்கார்ந்துவிட்டார்.

கவியரசன் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். காரின் பின் சீட்டில் போர்வை போர்த்தி ஏதோ ஒன்று ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது.

“முத்து, இந்த வருசம் சர்ப்ரைஸ் கொண்டாந்திருக்கேன்” என்று தங்கையிடம் சொன்னார். “மயில். தோகைல கலர் கலரா லைட்டு எரியும், வாய்ல தண்ணி ஊத்தும். அடில பேரு போட்டிருக்கேன். உங்க ஹால்ல வைக்கத்தான்.”

மாமனார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

பூஜை நடந்தது. கற்பூரம் காட்டினார்கள். உமேஷ் எல்லாச் சாமியையும் துணைக்குக் கூப்பிட்டான். கடைசியில் கவியரசன் போனை எடுத்து வீணாவிடம் கொடுத்துவிட்டு, தட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

“கத்தியோட ஒரு போட்டோ. இன்னா சந்தனம் இது! பேரே தெரியலயே.”

“மாமா, பூஜைல வச்சத இன்னிக்கி எடுக்கக் கூடாது” என்றான் உமேஷ். குரல் கீச்சென்று வந்தது.

“நான் குடுத்தது, நான் எடுக்கலாம் மாப்ள.”

எடுத்தார். கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தார். பச்சை தெரிந்தது. இன்னும் வழித்தார். ஜிகினா தெரிந்தது. கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ‘அன்பளிப்பு: கவிய’ என்று தெரிந்தது.

“மிச்சம் எங்க?” என்றார்.

உமேஷ் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“என் பேருல மிச்சம் எங்க?” என்று கேட்டபடி கத்தியை ஆட்டினார். ஆட்டியிருக்கக் கூடாது. சந்தனத்தில் ஊறிய ரப்பர் பேண்டு பட்டென்று அறுந்து அவர் மூக்கில் அடித்தது. அலகு ‘சடக்’கென்று வெளியே வந்தது. வாஷர்கள் உருண்டோடின. ஒரு பச்சைத் தகடு விடுபட்டுப் பறந்து போய்ப் பொரித் தட்டில், சரியாக ஹெர்பர்ட்டின் கைக்கு முன்னால் விழுந்தது. அதே நொடியில் ஹாலில் இருந்த குயில் வெளியே வந்து மணி பதினொன்று என்று கூவத் தொடங்கியது. அது கூவி முடிக்கும் வரை எல்லாரும் அப்படியே நின்றார்கள். வேறு வழியில்லை, அது கூவும்போது யார் பேசினாலும் கேட்காது.

“யாரு பண்ண வேல இது?” என்றார் கவியரசன்.

“நான்தான் மாமா” என்றான் உமேஷ்.

கவியரசன் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை என்பது நினைவுக்கு வந்து மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். முகம் சிவந்து, கடைசியில் மாமனார் பக்கம் திரும்பினார்.

“மச்சான்! நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?”

“மாப்ள ஆசையா பண்ணாரு மச்சான்” என்றார் மாமனார், தோள் துண்டால் வாயைப் பொத்தியபடி. “மாப்ளைய நம்ம ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“டீப்பாய்ல என்ன ஓட்டை?” கவியரசன் இப்போதுதான் அதைப் பார்த்தார். அவ்வளவுதான். “ஆய்த்து! இதோட முடிஞ்சுது! இனிமே இந்த வீட்டுக்கு ஒரு குண்டூசி வாங்கிக் குடுத்தேன்னா என் பேர் கவியரசன் இல்ல!”

“அண்ணே, சாப்ட்டுட்டு…” என்று முத்தம்மா பின்னாலேயே ஓடினாள். கார் கிளம்பிவிட்டது. பின் சீட்டில் போர்வை நழுவி, மயிலின் கொண்டை ஜன்னல் வழியாக இவர்களையே பார்த்துக்கொண்டு போயிற்று. கார் தெருமுனை திரும்பும் வரை மாமனார் வாசலிலேயே நின்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். அவர் தோள்கள் குலுங்கின.

“அழறாரு” என்றான் உமேஷ். அவனுக்கும் அழுகை வந்தது.

“பரவால்ல மாப்ள” என்றாள் முத்தம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே. “அண்ணனுக்குக் கோவம் அடுத்த பூஜை வரைக்கும் தாங்காது. சாப்ட வாங்க.”

அவன் சாப்பிடவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். கீழே மூடிய அறைக்குள்ளிருந்து மாமனாரின் இருமல் விட்டுவிட்டுக் கேட்டது. எட்டு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்த மனிதர். அவரை நம்ப வைத்து, மச்சான் உறவையே முறித்தாயிற்று. இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார். காபி குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, என் மூஞ்சிக்குக் காபி ஒரு கேடா என்று தன்னையே திட்டிக்கொண்டான். கடைசியில் எழுந்து போய், டிரில்லிங் மிஷின், அரம், ஸ்க்ரூ டிரைவர் செட் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான். ஹெர்பர்ட்டிடம் கொடுத்துத் தொலைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான்.

ஹெர்பர்ட்டே வந்தார். கை நிறைய எதையோ அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

“அங்கிள், நல்ல நேரத்துல வந்தீங்க” என்று பையை நீட்டினான் உமேஷ். “இத நீங்களே எடுத்துட்டுப் போய்டுங்க. இனிமே நான் ஒரு ஸ்க்ரூவக்கூடத் தொட மாட்டேன். சத்தியம்.”

“ஐயோ தம்பி, அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க!” என்று ஹெர்பர்ட் பதறினார்.

பதறியபடியே, தூக்கி வந்த குயில் கடிகாரத்தை அவன் மடியில் இறக்கி வைத்தார். தங்க எழுத்தில் கவியரசன் பெயர் மினுங்கியது. குயில் கதவைத் திறந்து, உமேஷின் மூக்குக்கு நேராக வந்து நின்று, ஒரு குறையும் இல்லாமல் கணீரென்று கூவிவிட்டு உள்ளே போயிற்று.

“இதுக்கு இன்னா அங்கிள்? ரிப்பேரா?”

“ரிப்பேரா? ஜம்முனு ஓடுது தம்பி” என்றார் ஹெர்பர்ட். “அதனாலதான் உங்க கையில குடுக்கச் சொன்னாரு அசோகன்.”